பூட்டின் திறப்பு யார் கையில்? பொழுதுபோக்குப் பூங்காக்கள் பழுதாகிற விதம்

கேள்வி இதுதான்: "ரொறன்ரோவில் இருக்கும் மாமா குடும்பம் ஒவ்வொரு கோடையும் வொண்டர்லாண்டுக்குப் போகும். அதை வைத்திருக்கும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் கம்பனி கடனில் தள்ளாடுகிறது, சில பூங்காக்களை மூடுகிறது, பல இடங்களில் சவாரிகள் பூட்டிக் கிடக்கின்றன என்கிறார்கள். அவ்வளவு பெரிய கம்பனியே பராமரிக்க முடியாமல் நிற்கும்போது, கிளிநொச்சிப் பக்கம் நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பூங்கா போட நினைக்கும் எங்களால் முடியுமா?"

தம்பி, முடியும். ஆனால் அந்தக் கம்பனி எப்படித் தளர்ந்தது என்று விளங்கிக்கொண்டு தொடங்குங்கள். நான் வளைகுடாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது வருடம் வேலை செய்தவன். இப்போது பரந்தனில் உழவு இயந்திரமும் அரிசி ஆலை மெசினும் திருத்துகிறேன். இரண்டு இடத்திலும் இரும்பு பழுதாகிற விதம் ஒன்றுதான், அதைக் கவனிக்காமல் விடுகிற காரணமும் ஒன்றுதான்.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் 1961 இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற ஊரில் தொடங்கியது. ஆங்கஸ் வின் என்ற காணி வியாபாரி போட்ட பூங்கா. டெக்சாஸ் மண்ணில் ஆறு நாட்டுக் கொடிகள் பறந்த வரலாற்றை வைத்துத்தான் அந்தப் பெயர். பிறகு ஜோர்ஜியா, மிசூரி என்று கிளை விட்டது. அதன்பின் கைமாறின கதை நீளமானது: ஒரு ரயில் கம்பனி, சூதாட்ட மெசின் செய்யும் கம்பனி, முதலீட்டுக்காரர்கள், டைம் வார்னர். 1998 இல் பிரீமியர் பார்க்ஸ் என்ற கம்பனி 1.86 பில்லியன் டொலருக்கு வாங்கி, தானே சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. அங்கேதான் சிக்கல் முடிச்சு விழுந்தது. கடன் எடுத்துப் பூங்கா வாங்குவது, அந்தக் கடன் ஆறுவதற்குள் இன்னொன்று வாங்குவது என்று போனார்கள்.

இதை வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லீசிங்கில் ஒரு வெட்டு மெசின் எடுத்தவரைப் பாருங்கள். அறுவடைக் காலத்தில் இரவு பகலாக ஓடுகிறது. கையில் காசு வந்ததும் முதலில் போவது லீசிங் கம்பனிக்கு. ஒயில் மாற்ற வேண்டிய மணித்தியாலம் தாண்டிவிட்டது என்று மீற்றர் காட்டும். "இந்த வயலையும் முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்பார். லீசிங்காரன் மாதம் பிறந்ததும் தொலைபேசியில் கூப்பிடுவான், மெசின் கூப்பிடாது. அது மூன்றாவது போகத்தில் என்ஜின் இறுகி நடு வயலில் நின்றுதான் சொல்லும். வட்டிக்கு நாள் குறித்திருக்கிறது, கிறீசுக்கு நாள் குறிக்கவில்லை. சிக்ஸ் ஃபிளாக்ஸ் கதையும் பெரும்பகுதி இதுதான்.

ஒஹாயோ மாநிலத்தில் ஜியாகா லேக் என்ற பூங்கா நூறு வருடத்துக்கு மேல் நடந்தது. பக்கத்திலேயே ஏரியின் மறு கரையில் சீவேர்ல்ட் என்ற கடல்விலங்குப் பூங்கா இருந்தது. ஜியாகா லேக்கை ஏற்கெனவே வைத்திருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ், 2001 இல் சீவேர்ல்டையும் 110 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கி இரண்டையும் ஒன்றாக்கியது. மூன்றே வருடத்தில், 2004 இல், முழுவதையும் 145 மில்லியனுக்குப் போட்டிக் கம்பனியான சீடார் ஃபெயருக்கு விற்றுவிட்டது. 2007 உடன் அங்கே சவாரிகள் நின்றன. ஹூஸ்டன் நகரில் அஸ்ட்ரோவேர்ல்ட் என்ற பூங்காவை 2005 இல் மூடினார்கள், காணியை விற்றால் கடனில் ஒரு துண்டு கழியும் என்ற கணக்கில். கிடைத்தது 77 மில்லியன், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. 1968 இலிருந்து அந்த ஊர்ப் பிள்ளைகள் போன இடம் வெறும் தரையாயிற்று. இந்தக் கதையை வாசிக்கும்போது எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும். காணியின் விலை மட்டும் கண்ணுக்குத் தெரிந்தவர்களுக்கு அங்கே மூன்று தலைமுறை ஏறி இறங்கின படி தெரியவில்லை.

இவ்வளவு விற்றும் கடன் தீரவில்லை. 2009 ஜூன் மாதம் ஏறத்தாழ 2.4 பில்லியன் டொலர் கடனோடு நீதிமன்றத்தில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டார்கள். அடுத்த வருடம் வெளியே வந்தார்கள்.

சரி, கடனுக்கும் ஒரு சவாரி பழுதாகிக் கிடப்பதற்கும் நடுவில் என்ன நடக்கிறது? இதைத்தான் வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் அறிய மாட்டார்கள். ஒரு ரோலர் கோஸ்டரின் ஒரு நாளைச் சொல்கிறேன்.

பூங்கா பத்து மணிக்குத் திறக்கும் என்றால் பராமரிப்புக்காரர் விடிவதற்கு முன்னமே வந்துவிடுவார்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, அதில் ஆளாளுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போடுவார்கள். எத்தனை பேர் உள்ளே வேலை செய்கிறார்களோ அத்தனை பூட்டு. கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை யாராலும் மின்சாரம் போட முடியாது. பிறகு தண்டவாளத்தோடு நடந்து பார்ப்பார்கள்: போல்ட் தளர்ந்திருக்கிறதா, வெல்டிங் ஒட்டில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா, துரு கண்ணீர் மாதிரி எங்காவது வடிந்திருக்கிறதா. வண்டியில் சில்லுகள் மூன்று வகை. மேலே பாரம் தாங்கும் சில்லு, பக்கத்தில் திசை பிடிக்கும் சில்லு, தண்டவாளத்துக்கு அடியில் வண்டியைக் கழன்று பறக்க விடாமல் பிடிக்கும் சில்லு. ஒவ்வொன்றையும் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். பெயாரிங் தேய்ந்திருந்தால் காதை விடக் கைக்குத்தான் முதலில் தெரியும். உயரத்துக்கு இழுக்கும் சங்கிலி, அது அறுந்தாலும் வண்டி பின்னால் வழுக்காமல் பிடிக்கும் கொக்கி (பழைய கோஸ்டர்களில் ஏறும்போது கேட்கும் "டக் டக்" சத்தம் அதுதான்), பிரேக், இருக்கைப் பூட்டு. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டில் ஒரே நேரத்தில் ஒரே வண்டிதான் நிற்கலாம் என்று கணினி பார்த்துக்கொள்ளும். அந்த உணரிகளையும் சோதிக்க வேண்டும். கடைசியில் ஆளில்லாமல் சில தடவை ஓட்டிப் பார்த்து, கையெழுத்து வைத்துத்தான் திறப்பைச் சவாரி ஓட்டுகிறவரிடம் கொடுப்பார்கள்.

இது தினசரி வேலை. பனிக்காலத்தில் மூடும் ஊர்களில், அந்த மாதங்களில் வண்டிகளை முழுவதும் கழற்றி, அச்சுகளையும் ஒட்டுகளையும் காந்தத் துகள் போட்டும் அல்ட்ராசவுண்ட் வைத்தும் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைத் தேடுவார்கள். மரக் கோஸ்டர் என்றால் தச்சர்களுக்கு வருடம் முழுவதும் பலகை மாற்றுகிற வேலை.

இப்போது கவனியுங்கள். இந்த வேலை எதற்கும் வருகிறவர் காசு கொடுப்பதில்லை. புதுச் சவாரிக்கு விளம்பரம் போடலாம், புதுப் பெயாரிங்குக்குப் போட முடியாது. நூறு மில்லியன் மிச்சம் பிடி என்று மேலிடம் சொன்னால், கத்தி முதலில் விழுவது அந்த விடிகாலை ஆட்களின் மேல். எட்டுப் பேர் செய்ததை ஐந்து பேர் செய். உதிரிப்பாகத்தைக் கையிருப்பில் வைக்காதே, தேவைப்படும்போது வாங்கு. இவை அந்த வருடக் கணக்கில் இலாபமாகத் தெரியும். தேய்மானம் கணக்குப் புத்தகத்தில் ஏறாது, இரும்பில் ஏறும்.

கீழிறங்குவதற்கு ஒரு வரிசை உண்டு. நான் வேலை செய்த இடத்திலும் கண்டேன். முதலில் பெயின்ற் வெளிறும். கழிவறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகும். குப்பைத் தொட்டி மத்தியானத்துக்கே நிரம்பி வழியும். பிறகு சாப்பாட்டுக் கடைகள் பாதி மூடியிருக்கும். மூன்று வண்டி ஓட வேண்டிய கோஸ்டரில் ஒன்று மட்டும் ஓடும், வரிசை இரண்டு மணித்தியாலத்துக்கு நீளும். அதற்குக் காரணம் அநேகமாக மற்ற இரண்டு வண்டியும் கழற்றிய நிலையில் பட்டறையில் சில்லுக்குக் காத்துக் கிடப்பதுதான். அப்புறம் ஒரு சவாரியிலிருந்து பாகத்தைக் கழற்றி இன்னொன்றில் பூட்டத் தொடங்குவார்கள். அது தொடங்கினால் அந்த முதல் சவாரி திரும்ப ஓடாது. உங்கள் மாமா கழிவறையைப் பற்றி முறையிட்டால் அதைச் சின்ன விடயமாக எடுக்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற இடத்தையே கவனிக்க ஆள் இல்லாத பூங்காவில், கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு ஆள் இருக்குமா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

2007 ஜூன் 21 அன்று கென்டக்கி மாநிலத்தில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நடத்திய பூங்காவில், உயரக் கோபுரத்திலிருந்து விழுத்தும் சவாரி ஒன்றின் கம்பி வடம் அறுந்தது. மேலே ஏறிக்கொண்டிருந்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையின் இரண்டு பாதங்களும் துண்டாயின. அதே வகைச் சவாரிகளை மற்றப் பூங்காக்களிலும் நிறுத்திச் சோதித்தார்கள். அந்தக் கோபுரம் பிறகு திறக்கவே இல்லை. வடம் ஒரு நாளில் தேய்வதில்லை. இழை இழையாகத்தான் போகும், விரல் வைத்துத் தடவுகிறவருக்குத் தெரியும். நாலு பிள்ளைகளை உட்கார வைத்து ஆட்டுகிற எவரும் இந்தச் சம்பவத்தை மறக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விபரமாகச் சொல்கிறேன்.

அந்தக் கென்டக்கிப் பூங்காவுக்கு இன்னொரு பாதியும் உண்டு. 2010 இல் சிக்ஸ் ஃபிளாக்ஸ் அதைக் கைவிட்டுப் போனது. நாலு வருடம் புல் முளைத்துக் கிடந்தது. 2014 இல், முன்பு அதை நடத்தி அனுபவம் இருந்த ஒருவரின் தலைமையில் திரும்பத் திறந்தார்கள். இன்றும் நடக்கிறது. மண்ணும் ஊரும் மாறவில்லை, சனமும் அதே சனம். நடத்தின ஆட்கள் மாறினார்கள்.

சமீபத்திய காலத்துக்கு வருவோம். 2021 கடைசியில் வந்த தலைமை நிர்வாகி செலிம் பசூல், தள்ளுபடி டிக்கெட்டுகளைக் குறைத்து விலையை உயர்த்தினார். குறைந்த சனம் வந்தாலும் கூடக் காசு கொடுப்பவர்கள் வந்தால் போதும் என்பது கணக்கு. 2021 இல் 2 கோடி 77 இலட்சம் அளவில் இருந்த வருகை, 2022 இல் கால் பங்குக்கு மேல் விழுந்தது. விலை முதலில் ஏறியது, தரம் அதோடு ஏறவில்லை. வருகிறவர் முட்டாள் இல்லை.

2024 ஜூலை 1 அன்று சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடார் ஃபெயரும் இணைந்தன. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ மூன்றிலும் சேர்த்து 42 பூங்காக்கள், ஏறத்தாழ 5 பில்லியன் டொலர் கடன். மாமா போகும் வொண்டர்லாண்ட் 2006 இலிருந்து சீடார் ஃபெயர் வசம் இருந்தது, இணைப்போடு இந்தக் குடைக்குள் வந்தது. 2025 பெப்ரவரியில் நியூ ஜெர்சியில் 456 அடி உயரமான கிங்டா கா என்ற கோஸ்டரை வெடிவைத்துத் தகர்த்தார்கள். திறந்து இருபது வருடம்தான் ஆகியிருந்தது. உலகத்திலேயே உயரமானது என்ற பெயருக்காகக் கட்டிய சவாரி, பழுதாகி நின்ற நாட்கள் ஏராளம். அதே வருடம் நவம்பரில் மேரிலாந்துப் பூங்காவை ஒரேயடியாக மூடினார்கள். மூன்றாம் காலாண்டுக் கணக்கில் கம்பனியின் பெறுமதியில் ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலரைக் குறைத்து எழுதினார்கள். வருட முடிவில் தலைமை நிர்வாகியும் மாறினார்.

இவ்வளவிலும் எனக்கு மிகவும் உறுத்தின விடயம் வேறு. 2025 இல் செலவைக் குறைக்கிறோம் என்று முழுநேர ஆட்களில் பத்து வீதத்துக்கு மேல் குறைத்தபோது, ஒவ்வொரு பூங்காவுக்கும் தலைவராக இருந்தவரின் பதவியையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆள்தான் காலையில் வாசலில் நின்று பார்ப்பவர். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தத் தச்சர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார், எந்தச் சவாரியை மழைக்குப் பிறகு நம்பக் கூடாது என்று தெரிந்தவர். அவரை எடுத்துவிட்டுத் தொலைவில் இருக்கும் அலுவலகத்திலிருந்து நாற்பது பூங்காவை ஓட்டலாம் என்பது, இரணைமடுக் குளத்தின் 14 வான்கதவுகளையும் கொழும்பில் இருந்து ஏற்றி இறக்கலாம் என்பது மாதிரி. பட்டன் வேலை செய்யலாம். கதவில் கட்டை சிக்கியிருக்கிறதா என்று பார்க்கக் குளக்கட்டில் ஒருவர் நிற்க வேண்டும்.

மாமா குடும்பத்திடம் ஒன்றும் சொல்லிவிடுங்கள்: பயத்தில் அங்கே போவதை நிறுத்தத் தேவையில்லை. அவர்கள் இருக்கும் ஒன்ராறியோவில் சவாரிகளுக்கு மாகாண மட்டத்தில் தொழில்நுட்பப் பாதுகாப்பு அதிகார சபை இருக்கிறது, அனுமதி இல்லாமல் ஓட்ட முடியாது. அமெரிக்காவில் நிலையான பூங்காக்களுக்கு 1981 இலிருந்து நாடு தழுவிய மேற்பார்வை இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வொண்டர்லாண்ட் நன்றாக உழைக்கும் பூங்கா, இந்தக் கம்பனி கடைசியாகக் கைவைக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

நான் வேலை செய்த இடத்தில் முதல் ஐந்து வருடம் எங்களுக்கு மேல் ஒரு கேரளத்துக்காரர் இருந்தார். பெருநாள் அன்று வாசலில் சனம் முட்டி நிற்க, சுழலும் சவாரி ஒன்றின் அச்சில் அவருக்குச் சந்தேகம் வந்தது. பூட்டைப் போட்டுவிட்டார். முகாமையாளர் வந்து எவ்வளவோ கேட்டும் திறப்பைக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் அச்சைக் கழற்றியபோது ஒட்டில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. அந்த நாட்களில் அந்தப் பூங்காவின் விதி அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. பிறகு நிர்வாகம் கைமாறியது. பூட்டுவதற்கு முன் அலுவலகத்தில் அனுமதி எடு என்று புதிய விதி வந்தது. அவர் அந்த வருடமே ஊருக்குப் போய்விட்டார், நான் அடுத்த வருடம் வந்துவிட்டேன். பூட்டின் திறப்பு பராமரிப்புக்காரர் கையிலிருந்து வருமானம் எண்ணுகிறவர் கைக்குப் போன நாளிலிருந்து ஒரு பூங்கா கீழே இறங்கத் தொடங்குகிறது. கடன், கம்பனி இணைப்பு, விலை எல்லாம் அந்தக் கைமாற்றத்துக்கு வருகிற வழிகள்.

இனி நம்மூர். எங்கள் தலைமுறைக்கு ஊஞ்சல் என்றால் வேப்ப மரத்தில் கட்டிய கயிறுதான், அதுவும் போரில் இடம்பெயர்ந்து ஓடாத வருடங்களில். அதனால் இங்கே பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பூங்கா வேண்டும் என்பதில் எனக்கு உங்களைவிட ஆசை. என் வீட்டுக்குக் கிட்ட ஒரு சிறுவர் பூங்கா நாடா வெட்டித் திறக்கப்பட்டது. கட்ட ஒதுக்கீடு வந்தது, கட்டின பிறகு பார்க்க ஒதுக்கீடு வரவில்லை. இரண்டு மாரி போக ஊஞ்சல் சங்கிலி கொழுக்கியில் அரைவாசிக்குத் தேய்ந்தது, சறுக்குத் தகரம் விளிம்பில் கிழிந்தது. என் தங்கையின் மகனுக்குத் தொடையில் ஆறு தையல். கேட்கப் போனால், திறந்தவர்கள் வேறு, பொறுப்பெடுத்தவர்கள் வேறு, இருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள்.

ஆகவே நாலு பேரும் காசு போடுவதற்கு முன் தாளில் எழுதிக் கையெழுத்து வையுங்கள்: பராமரிப்புக்கு நிற்பவர் பங்காளியாக இருக்கட்டும் அல்லது சம்பள ஆளாக இருக்கட்டும், அவர் ஒரு சவாரியைப் பூட்டினால் மற்ற மூன்று பேரும் சேர்ந்து சொன்னாலும் அன்று திறக்கக் கூடாது. சனம் அலைமோதும் வற்றாப்பளை அம்மன் பொங்கல் நாளாக இருந்தாலும் சரி. அடுத்தது, ஒவ்வொரு நாள் வருமானத்திலும் ஒரு பங்கு, இலாபம் பிரிக்கும் முன், லீசிங் கட்டும் முன், வேறு வங்கிப் புத்தகத்தில் போக வேண்டும். கடன் எடுத்தால் ஒரு பூங்காவுக்கு எடுங்கள். அது கழியும் வரை முல்லைத்தீவில் கிளை போடும் யோசனை வேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்று இரும்பைத் தின்கிற வேகமும் வேறு கணக்கு.

சவாரி தெரிவு செய்யும்போது நமது வெயிலையும் காற்றையும் நினையுங்கள். பிளாஸ்ரிக் சறுக்கு இங்கத்தைய வெயிலில் சில வருடத்தில் நொறுங்கும், நிழல் மரத்தின் கீழே வையுங்கள். காற்றடித்து நிறுத்தும் சறுக்கு மலிவாகத் தெரியும். எனக்கு அதில்தான் மிகுந்த பயம். மணிக்கு 38 கிலோமீற்றருக்கு மேல் காற்று வீசினால் பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. நமக்குச் சோளகம் பிடித்தால் பின்னேரங்களில் குத்துக்காற்று எப்படி வரும் என்று தெரியும். காற்றுமானி ஒன்று வாங்காமல், எல்லா முளையும் ஆழ அடிக்காமல் அதைத் தொடாதீர்கள். மணற் குழி, கயிற்று ஏணி, மர ஊஞ்சல், சின்னக் குடை இராட்டினம் ஒன்று, சுத்தமான கழிவறை, குடிக்கத் தண்ணீர். இவ்வளவோடு தொடங்கினாலே சனம் வரும். கழிவறை கழுவும் ஆளுக்கு நல்ல சம்பளம் கொடுங்கள்.

திருவிழாக்களுக்குக் கொண்டுபோகும் பழைய இராட்டினம் ஒன்று விலைக்கு வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். பெயின்ற் புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனம், ஒட்டு வெடிப்பை மறைக்க அதைவிட நல்ல வழி இல்லை. நடு அச்சைக் கழற்றி, பெயின்றைச் சுரண்டி, ஒவ்வொரு ஒட்டையும் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலையில் எனக்கு வேலை இல்லை. விற்கிறவர் கழற்றச் சம்மதித்தால் வெடிப்புப் பார்க்கும் சாயத்தோடு வருகிறேன். சம்மதிக்காவிட்டால் அந்த இராட்டினத்தை விட்டுவிடுங்கள்.